டெபியன் 13-ல மெயில் சர்வர் ஏத்திட்டீங்க, மெயில் மட்டும் போகலையா? எதை முதல்ல பார்க்கணும், எதை அப்புறம் பார்க்கணும் – முழுமையான வழிகாட்டி

"அக்கா, எல்லாம் பண்ணிட்டேன், மெயில் மட்டும் போகல." எனக்கு வர்ற போன்ல பாதி இப்படித்தான் ஆரம்பிக்குது. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறை, ஆத்தூர் ரோட்டு ஜவ்வரிசி மில்லு, ஏற்காட்டுல ரூம் விடற எஸ்டேட்டுன்னு யாரா இருந்தாலும் கதை ஒண்ணுதான். உபுண்டு 20.04-ங்கிற லினக்ஸ்ல பல வருஷம் சத்தமில்லாம ஓடிட்டிருந்த சர்வர், 2025 மே மாசத்தோட அதுக்கு சாதாரண சப்போர்ட் முடிஞ்சிருச்சு, சரின்னு 2025 ஆகஸ்ட்ல வந்த டெபியன் 13-ங்கிற இன்னொரு லினக்ஸுக்கு மாத்தலாம்னு இறங்குறாங்க, பழைய கான்ஃபிக் (செட்டிங்) ஃபோல்டரை அப்படியே தூக்கிட்டு வந்து வெக்கிறாங்க, அங்கதான் மாட்டிக்கிறாங்க.

மெயிலை வாங்கி அனுப்புற போஸ்ட்ஃபிக்ஸ், வந்த மெயிலை வெச்சு யூசருக்குப் படிக்கக் கொடுக்கிற டவ்காட், இந்த ரெண்டையும் வெச்சு கையால கட்டுற சர்வருக்குத்தான் இது. கமாண்டு, செட்டிங் பேரெல்லாம் போன்ல வாயால சொல்ற மாதிரியே தமிழ்ல எழுதியிருக்கேன், டைப் பண்றப்போ நீங்க வழக்கமா அடிக்கிற மாதிரி அடிச்சுக்கங்க.

1. தொடங்குறதுக்கு முன்னாடி கையில என்னென்ன இருக்கணும்

பழைய சர்வர் உயிரோட இருக்கணும். இது இல்லாம ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க. "அதே மெஷின்லயே அப்கிரேட் கொடுத்துடலாம்"னு நிறைய பேர் கேக்குறாங்க, கொடுக்கலாம்தான், ஆனா நடுவுல டவ்காட் எழும்பலைன்னா ஆஃபீஸ் மொத்தமும் உங்க தலைமேல வந்து நிக்கும். புது மெஷின் ஒண்ணு எடுத்து பக்கத்துல கட்டுங்க. ஒரு மாச வாடகை கூட ஆகும், ஆகட்டும்.

டொமைன் பேனல் லாகின் யார்கிட்ட இருக்குன்னு முதல் நாளே கேட்டு வெச்சிருங்க. சேலத்துல நான் பார்த்த வரைக்கும் பாதி கம்பெனியில அது எப்பவோ வெப்சைட் போட்டுக் கொடுத்த பையன்கிட்டதான் இருக்கும், அவன் இப்ப பெங்களூர்ல இருப்பான், போன் எடுக்க மாட்டான். ராத்திரி பத்து மணிக்கு அது தெரிய வந்தா ஒண்ணும் பண்ண முடியாது.

எம்எக்ஸ்ங்கிறது உங்க டொமைனுக்கு வர்ற மெயில் எந்த சர்வருக்குப் போகணும்னு சொல்ற டிஎன்எஸ் வரி, டிடிஎல்ங்கிறது அதை மத்தவங்க எவ்வளவு நேரம் ஞாபகம் வெச்சுக்கலாம்ங்கிற கணக்கு. எம்எக்ஸ் ரெக்கார்டோட டிடிஎல்லை ரெண்டு நாள் முன்னாடியே 300 செகண்டுக்கு இறக்கிடுங்க. இல்லைன்னா நீங்க மாத்தின பிறகும் வெளியில இருக்கிற சர்வர்கள் பழைய விலாசத்தையே ஞாபகம் வெச்சுட்டு நாள் முழுக்க அங்கயே போய் நிக்கும்.

விபிஎஸ்ஸுக்கு (வாடகைக்கு எடுத்த சர்வருக்கு) கன்சோல் வழியா உள்ள போக முடியுதான்னும் ஒரு தடவை பார்த்துக்கங்க. ஃபயர்வால்ல கை வெச்சு எஸ்எஸ்எச் (தூரத்துல இருந்து சர்வருக்குள்ள நுழையற வழி) அறுந்து போனா அதுதான் ஒரே வழி.

அப்புறம் ஒரு விஷயம், கடையிலயே ஒரு மெஷினை வெச்சு அதுல மெயில் சர்வர் ஓட்டலாமான்னு யாராவது கேட்டா வேணாம்னு சொல்லிடுங்க. வீட்டு, கடை பிராட்பேண்ட்ல ஐபி மாறிட்டே இருக்கும், பல கனெக்ஷன்ல ஒரே ஐபியை நிறைய வீடு பங்கு போட்டுக்கும், அந்த மாதிரி ஐபியில இருந்து நேரா வர்ற மெயிலை பெரிய கம்பெனிகள் வாங்கவே வாங்காது. ஏற்காட்டுல கேக்கவே வேணாம், மழைக்கு மரம் விழுந்தா கரண்டும் போகும் கேபிளும் போகும்.

2. போர்ட் 25 வெளிய போகுதான்னு முதல்ல பாருங்க

சர்வருங்க ஒண்ணுக்கொண்ணு மெயில் கொடுத்துக்கிற வாசல்தான் போர்ட் 25. எதையும் இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடியே இதை டெஸ்ட் பண்ணணும். ஏன்னா இது அடைஞ்சிருந்தா நீங்க என்ன கான்ஃபிக் எழுதினாலும் வேலைக்கு ஆகாது. புது மெஷின்ல இருந்து ஜிமெயிலோட எம்எக்ஸ் சர்வருக்கு 25-ல நெட்கேட் (ஒரு போர்ட்டைத் தட்டிப் பார்க்கிற கமாண்டு) போட்டுப் பாருங்க, 220-னு ஒரு வரி வந்தா வழி திறந்திருக்கு. அப்படியே தொங்கிட்டு நின்னா விபிஎஸ் கம்பெனிக்காரங்க அடைச்சு வெச்சிருக்காங்க.

அமேசான் கிளவுட்ல இது ஆரம்பத்துலயே அடைஞ்சிருக்கும், ஃபார்ம் போட்டு கேட்டு திறக்கணும். கூகுள் கிளவுட்ல வெளிய போற 25 பெரும்பாலும் அடைஞ்சே இருக்கும், நம்ம மெயிலை வாங்கி அனுப்பிக் கொடுக்கிற ரிலே சர்வீஸ் ஒண்ணு வழியாத்தான் போகணும். மத்த கம்பெனிக்கும் இப்படி விதி உண்டு, பணம் கட்டுறதுக்கு முன்னாடியே கேட்டுக்கங்க.

உள்ள வர்ற 25-ஐ டெஸ்ட் பண்றப்போ ஒரு குழப்பம் வரும். உங்க மொபைல் ஹாட்ஸ்பாட்ல இருந்து டெஸ்ட் பண்ணி "போர்ட் மூடியிருக்கு"ன்னு முடிவு பண்ணிடாதீங்க, நெட் கம்பெனியே உங்க பக்கத்துல 25-ஐ மடக்கி வெச்சிருக்கும். பழைய சர்வர்ல இருந்து புது சர்வருக்கு டெஸ்ட் பண்ணுங்க, அது நம்பற மாதிரி இருக்கும்.

3. பேரு ஒத்துப்போகணும்

சர்வரோட முழுப் பேரு, அந்தப் பேருக்கு இருக்கிற ஏ ரெக்கார்டு (பேருக்கு ஐபி சொல்றது), அந்த ஐபிக்கு இருக்கிற பிடிஆர் (ஐபிக்கு பேரு சொல்றது), போஸ்ட்ஃபிக்ஸ்ல மைஹோஸ்ட்நேம், இந்த நாலும் ஒரே பேரைச் சொல்லணும். பிடிஆர் டொமைன் பேனல்ல இருக்காது, விபிஎஸ் கம்பெனியோட பேனல்லதான் இருக்கும். புதுசா வர்றவங்க டொமைன் பேனல்ல போய் பிடிஆர்னு ஒரு ரெக்கார்டு சேர்த்துட்டு "போட்டுட்டேனே அக்கா"ன்னு சொல்லுவாங்க. அங்க போட்டா யாரும் பார்க்க மாட்டாங்க, ஐபி யாருக்குச் சொந்தமோ அவங்கதான் அதுக்கு பதில் சொல்லணும்.

புது மெஷின்ல ஐபிவி6-ம் (புது வகை ஐபி விலாசம்) சேர்ந்தே வந்துடும், இதை நிறைய பேர் கவனிக்கிறதில்ல. போஸ்ட்ஃபிக்ஸ் அது வழியா ஜிமெயிலுக்குப் போகும், அந்த ஆறாம் நம்பர் விலாசத்துக்கு பிடிஆர் இல்லைன்னா ஜிமெயில் 550 போட்டு திருப்பி விட்டுடும். பழைய சர்வர்ல ஐபிவி4 மட்டும் இருந்திருக்கும், அதனால "அங்க போச்சு, இங்க போகல"ன்னு மண்டையைப் பிச்சுக்குவாங்க. அதுக்கும் பிடிஆர் போடுங்க, முடியலைன்னா இனெட் ப்ரோட்டோகால்ஸ் செட்டிங்கை ஐபிவி4-னு மட்டும் வெச்சிருங்க.

4. லாகு எங்கன்னு கண்டுபிடிங்க, அப்புறம் அதைப் படிக்கக் கத்துக்கங்க

"லாகே இல்லக்கா, மெயில் டாட் லாக் ஃபைலே காணோம்." ஆமா, இருக்காது. டெபியன் 12-ல இருந்தே லாகை ஃபைல்ல எழுதற ஆர்சிஸ்லாக் தானா வர்றதில்ல. எல்லாம் சிஸ்டம்டியோட ஜர்னல்ல இருக்கு. ஜர்னல்சிடிஎல்-ஐ போஸ்ட்ஃபிக்ஸ் யூனிட் பேரோட, மைனஸ் எஃப் போட்டு ஓட விட்டுட்டு இன்னொரு ஜன்னல்ல வேலை பாருங்க. ஃபைல்தான் பழக்கம்னா ஆர்சிஸ்லாகை தனியா போட்டுக்கலாம், தப்பில்ல. தப்புத்தப்பா பாஸ்வேர்டு அடிக்கிற ஐபியைத் தடுக்கிற ஃபெயில்டூபேன் வெச்சிருந்தா அதுக்கும் பேக்எண்ட் சிஸ்டம்டின்னு சொல்லிடணும், இல்லைன்னா அது பாட்டுக்கு இல்லாத ஃபைலைத் தேடிட்டு எழும்பாம நிக்கும்.

ஸ்டேட்டஸ் பார்த்து "ஆக்டிவ்"னு பச்சையா வந்துச்சேன்னு நிம்மதி ஆகிடாதீங்க. பழைய டெபியன், உபுண்டுலயெல்லாம் போஸ்ட்ஃபிக்ஸ் சர்வீஸ் பேருக்கு ஒண்ணு இருக்கும், "ஆக்டிவ், எக்ஸிட்டட்"னு காட்டும், நிஜமா வேலை செய்யறது வேற யூனிட்டா இருக்கும். எஸ்எஸ் கமாண்டை மைனஸ் டிஎல்என்பி-னு போட்டு 25, 587, 465 (இந்த ரெண்டும் யூசர் மெயில் அனுப்ப), 993 (மெயில் படிக்க) எதெது காதைத் திறந்து வெச்சிருக்குன்னு நேரா பாருங்க, அது பொய் சொல்லாது.

இனி லாக் வரி. ஒரு மெயில் வெளிய போனாலும் நின்னாலும் போஸ்ட்ஃபிக்ஸ் ஒரு வரி எழுதும். அதுல "டு" யாருக்கு, "ரிலே" எந்த சர்வர்கிட்ட பேசுச்சு, "டிலேஸ்"னு நாலு நம்பர், "டிஎஸ்என்"னு ஒரு முடிவு நம்பர், கடைசியா "ஸ்டேட்டஸ்". எல்லாரும் கடைசி ஸ்டேட்டஸை மட்டும் பார்ப்பாங்க. நான் அந்த நாலு நம்பரைத்தான் முதல்ல பார்ப்பேன். முதல் நம்பர் மெயில் உள்ள வந்து க்யூவுல (காத்திருக்கிற வரிசை) சேர எடுத்த நேரம், ரெண்டாவது க்யூ மேனேஜர்கிட்ட காத்திருந்த நேரம், மூணாவது எதிர் சர்வரைப் பிடிக்க எடுத்த நேரம், அதாவது டிஎன்எஸ், கனெக்ஷன், ஹலோ சொல்றது, டிஎல்எஸ் (பேச்சை ரகசியமாக்குறது) எல்லாம் சேர்த்து, நாலாவது மெயிலை ஒப்படைக்க எடுத்த நேரம். மூணாவது 30, 60-னு நிக்குதுன்னா கனெக்ஷனே ஆகல, போர்ட் 25-ஐயோ டிஎன்எஸ்ஸையோ பாருங்க. நாலாவது பெருசா இருந்தா கனெக்ஷன் ஆயிடுச்சு, எதிர்ல இருக்கிறவர் யோசிக்கிறார், ஸ்பேம் பரிசோதனையோ என்னவோ. முதல் நம்பர் பெருசுன்னா பிரச்சினை உங்களுக்கு மெயில் கொடுத்தவங்க பக்கம், இல்லைன்னா உங்க ஃபில்டர்.

டிஎஸ்என் 4-ல ஆரம்பிச்சா மறுபடி முயற்சி பண்ணும், 5-ல ஆரம்பிச்சா திரும்பி வந்துடும். அதனால டெஸ்ட் பண்ற நாள்ல மட்டும் சாஃப்ட் பவுன்ஸ் செட்டிங்கை எஸ்னு வெச்சுக்கங்க, உங்க சர்வர் தப்பா மறுக்கிற மெயிலும் 4-ஆ மாறி அனுப்பினவங்க க்யூவுலயே காத்திருக்கும், ஆர்டர் மெயில் தொலையாது. வேலை முடிஞ்சதும் அதை எடுத்துடணும், இல்லைன்னா இல்லாத ஐடிக்கு வர்ற குப்பையெல்லாம் நாள் கணக்கா கதவைத் தட்டிட்டே இருக்கும்.

5. பழைய டவ்காட் கான்ஃபிக்கை தூக்கி வெக்காதீங்க

டெபியன் 13-ல வர்ற டவ்காட் 2.4. உபுண்டு 20.04, 22.04, 24.04 எல்லாத்துலயும் 2.3 வகையறா. நம்பரைப் பார்த்தா சின்ன மாற்றம் மாதிரி தெரியும், ஆனா 2.3 கான்ஃபிக் 2.4-ல எழும்பவே எழும்பாது. இதுதான் இந்த மாற்றத்துலயே பெரிய பள்ளம், அதனால இதுக்கு நேரம் ஒதுக்கி உட்காருங்க.

புது பேக்கேஜோட வர்ற கான்ஃபிக்கை அப்படியே வெச்சுக்கங்க. பழைய மெஷின்ல டவ்கான்ஃப் மைனஸ் என் போட்டா நீங்க மாத்தின செட்டிங் மட்டும் வரும், சாதாரண ஆஃபீஸ்னா ஒரு பக்கம் ரெண்டு பக்கம்தான் இருக்கும். அதை பிரிண்ட் எடுத்து பக்கத்துல வெச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா புது பாஷையில எழுதுங்க. ஒவ்வொண்ணு எழுதினதும் டவ்கான்ஃப் ஓட்டி எரர் இல்லைன்னு பார்த்துட்டு அடுத்ததுக்குப் போங்க. மொத்தமா எழுதிட்டு ஓட்டினா முதல் எரர்லயே நின்னுடும், அதைச் சரி பண்ணா அடுத்தது, இப்படியே விடிஞ்சிடும்.

அடிக்கடி மாட்டுறது இதெல்லாம்.

முதல் வரியில டவ்காட் கான்ஃபிக் வெர்ஷன்னு ஒரு செட்டிங் இருந்தே ஆகணும், வேற எந்த செட்டிங்கும் அதுக்கு முன்னாடி வரக்கூடாது. கூடவே ஸ்டோரேஜ் வெர்ஷன்னு இன்னொண்ணு. பேக்கேஜோட ஃபைல்ல ரெண்டுமே இருக்கும், பழைய ஃபைலை மேல போட்டு அழிச்சவங்களுக்குத்தான் இந்த எரர் வரும்.

மெயில் லொகேஷன்னு ஒரே வரியா இருந்தது இப்ப மெயில் டிரைவர், மெயில் பாத்னு ரெண்டா உடைஞ்சிருக்கு. இதுல ஒரு மறைஞ்ச முள்ளு இருக்கு. டெபியன் கொடுக்கிற ஃபைல்ல மெயில் இன்பாக்ஸ் பாத்னு மூணாவதா ஒண்ணு பழைய எம்பாக்ஸ் (எல்லா மெயிலும் ஒரே ஃபைல்ல) முறைக்காக வார்-மெயில் ஃபோல்டரைக் காட்டிட்டு இருக்கும். நீங்க டிரைவரை மெயில்டிர்னு (ஒரு மெயிலுக்கு ஒரு ஃபைல்) மாத்திட்டு, பாத்தையும் மாத்திட்டு, இதை விட்டுட்டீங்கன்னா மத்த ஃபோல்டரெல்லாம் தெரியும், இன்பாக்ஸ் மட்டும் பர்மிஷன் எரரோ காலியாவோ நிக்கும். "சென்ட் ஐட்டம் வருது, இன்பாக்ஸ் வரல"ன்னு யாராவது சொன்னா நான் நேரா இந்த வரியைத்தான் பார்ப்பேன்.

சர்ட்டிஃபிகேட்டுக்கு பழசுல சின்னதா ஒரு லெஸ்-தேன் குறி போட்டு பாத் எழுதுவோம். புதுசுல செட்டிங் பேரே எஸ்எஸ்எல் சர்வர் செர்ட் ஃபைல், எஸ்எஸ்எல் சர்வர் கீ ஃபைல்னு மாறியிருக்கு, குறி போடாம வெறும் பாத் எழுதணும்.

பாஸ்வேர்டும் யூசர் விவரமும் எங்க இருக்குன்னு சொல்ற பாஸ்டிபி, யூசர்டிபி பிளாக்குக்கு ஒரு பேரு கொடுக்கணும், ஆர்க்ஸ்னு ஒரு வரியில அள்ளிப் போடறதெல்லாம் இல்ல இப்ப. பர்சென்ட் யூ, பர்சென்ட் டி, பர்சென்ட் என்-னு எழுதற ஒத்தை எழுத்து வேரியபிளும் போயிடுச்சு, அடைப்புக்குள்ள யூசர்னு முழுசா எழுதணும், டொமைன் மட்டும் வேணும்னா பைப் போட்டு டொமைன்னு எழுதணும். மெயில் ஃபோல்டர் பாத்ல பழைய எழுத்து ஒண்ணு மிச்சம் இருந்தாலும் மெயில் எங்கயோ போய் விழும், இல்லைன்னா சர்வீஸே எழும்பாது, ஃபைல் முழுக்க தேடிப் பாருங்க.

பிளகின்னு ஒரு பெரிய பிளாக் இருந்துச்சுல்ல, கோட்டா (ஆளுக்கு எவ்வளவு இடம்), சீவ் (மெயிலைப் பிரிச்சுப் போடற விதி) எல்லாம் அதுக்குள்ள போடுவோம், அந்த பிளாக்கே இல்ல. ஒவ்வொண்ணும் தனித்தனி செட்டிங்கா வெளிய வந்துடுச்சு. ரெண்டு சர்வருக்கு நடுவுல ரெப்ளிகேஷன் (ஒண்ணுல இருக்கிற மெயில் இன்னொண்ணுலயும் தானா சேர்றது) வெச்சிருந்தவங்களுக்கு இன்னும் கஷ்டம், 2.4-ல அதையே எடுத்துட்டாங்க. அதை நம்பி இருக்கிற ஆஃபீஸ்னா இந்த மாற்றத்தை இப்ப ஆரம்பிக்காதீங்க, முதல்ல பேக்கப்புக்கு வேற வழி யோசிங்க.

பாஸ்வேர்டு எல்லாம் சரியா அடிச்சும் பழைய யூசர் சிலருக்கு மட்டும் உள்ள விடலைன்னா அவங்க பாஸ்வேர்டு எந்த ஹேஷ்ல (பாஸ்வேர்டை மறைச்சு எழுதற முறை) இருக்குன்னு பாருங்க. எம்டிஃபைவ் மாதிரி பலவீனமான வகையை 2.4 தானா ஏத்துக்காது. ஏத்துக்கச் சொல்ல செட்டிங் இருக்கு, ஆனா அதை சில நாளுக்கு மட்டும் திறந்து வெச்சு அவங்களுக்கு புது பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்துட்டு மூடறதுதான் நல்லது.

இன்னொண்ணு, எல்எம்டிபி (போஸ்ட்ஃபிக்ஸ் டவ்காட்கிட்ட மெயிலைக் கொடுக்கிற வழி), மைசீக்வல், சீவ் எல்லாம் டெபியன்ல தனித்தனி பேக்கேஜ். கான்ஃபிக் கரெக்ட்டா இருந்தும் "தெரியாத ப்ரோட்டோகால்"னு திட்டினா பேக்கேஜ் போடாம விட்டிருப்பீங்க.

6. போஸ்ட்ஃபிக்ஸ் பக்கம்

இது டவ்காட் அளவுக்குப் படுத்தாது. டெபியன் 13-ல 3.10, பழைய மெயின் ஃபைல் பெரும்பாலும் ஓடும். ஓடுதேன்னு விட்டுடறதுலதான் சிக்கல். போஸ்ட்கான்ஃப் மைனஸ் என் போட்டு வர்ற வார்னிங்கை ஒவ்வொண்ணா படிங்க. எஸ்எம்டிபிடி யூஸ் டிஎல்எஸ்னு பழைய வரி இருந்தா எடுத்துட்டு, எஸ்எம்டிபிடி டிஎல்எஸ் செக்யூரிட்டி லெவல் மே-ன்னு எழுதுங்க.

மாஸ்டர் ஃபைலை மட்டும் பழசுல இருந்து கொண்டு வராதீங்க. அதுல அஞ்சாவது காலம் க்ரூட், பழைய டெபியன், உபுண்டுல அங்க ஒய்-னு இருக்கும், அதாவது அந்த ப்ராசஸ் ஸ்பூல் ஃபோல்டருக்குள்ளயே அடைஞ்சு ஓடும், அதுக்குள்ள இருக்கிற ரிசால்வ் ஃபைல் (எந்த டிஎன்எஸ் சர்வரைக் கேக்கணும்னு சொல்றது) காப்பியைத்தான் பார்க்கும். அந்தக் காப்பி பழசா இருந்தா ஷெல்லுல டிக் (டிஎன்எஸ்ஸைக் கேட்டுப் பார்க்கிற கமாண்டு) போட்டா டொமைன் வருது, போஸ்ட்ஃபிக்ஸ்ல மட்டும் "ஹோஸ்ட் ஆர் டொமைன் நேம் நாட் ஃபவுண்ட்"னு வரும். புது மாஸ்டர் ஃபைலை வெச்சுக்கிட்டு 587-க்கும் 465-க்கும் உள்ள வரிகளை மட்டும் அதுலயே திறந்து விடுங்க.

டொமைனை மைடெஸ்டினேஷன்லயும் (லினக்ஸ் யூசருக்கான டொமைன்) போட்டு வர்ச்சுவல் மெயில்பாக்ஸ் டொமைன்லயும் (லினக்ஸ் யூசரா இல்லாத மெயில் ஐடிக்கான டொமைன்) போடாதீங்க. ரெண்டுலயும் இருந்தா லினக்ஸ் யூசர் பட்டியல்லதான் ஆளைத் தேடும், "யூசர் அன்நோன் இன் லோக்கல் ரெசிப்பியன்ட் டேபிள்"னு திருப்பி விடும்.

மைநெட்வொர்க்ஸ்ல (பாஸ்வேர்டு கேக்காமயே அனுப்ப விடற ஐபிகள்) ஆஃபீஸ் ஐபின்னு பெரிய வட்டமா போட்டு வெக்காதீங்க. 587-ல பாஸ்வேர்டோட அனுப்பச் சொல்லுங்க, எல்லாத்துக்கும்.

டெபியன் வேணாம், அல்மா லினக்ஸ் 10 போடறேன்னு யாராவது இருந்தீங்கன்னா ஒரு வார்த்தை. அங்க பெர்க்லி டிபிங்கிற டேட்டாபேஸ் வகை கிடையாது, ஹேஷ்னு ஆரம்பிக்கிற டேபிள் எல்லாத்தையும் எல்எம்டிபி-ன்னு மாத்தி போஸ்ட்மேப் மறுபடி ஓட்டணும். இந்த எல்எம்டிபி டேட்டாபேஸ் வகை, மேல சொன்ன டெலிவரி எல்எம்டிபி வேற, சத்தம் ஒண்ணுதான்.

7. வெளிய போகாம உள்ளுக்குள்ளயே ஒரு மெயில் டெலிவரி பண்ணுங்க

எம்எக்ஸ்ஸைத் தொடாதீங்க இன்னும். ஸ்வாக்ஸ்னு ஒரு டூல் இருக்கு, அதை வெச்சு சர்வர்ல இருந்தே ஒரு யூசருக்கு மெயில் போடுங்க. அது மெயில்டிர் ஃபோல்டர்ல புது ஃபைலா விழுந்துச்சுன்னா பாதி கிணறு தாண்டியாச்சு.

விழலைன்னா அனேகமா சாக்கெட்தான் (ரெண்டு ப்ரோக்ராம் பேசிக்கிற வாசல் மாதிரி ஒரு ஃபைல்). போஸ்ட்ஃபிக்ஸும் டவ்காட்டும் ரெண்டு சாக்கெட்டுல பேசிக்குது, ஒண்ணு எல்எம்டிபி, இன்னொண்ணு பாஸ்வேர்டு சரிபார்க்கிற ஆத். ரெண்டும் ஸ்பூல் போஸ்ட்ஃபிக்ஸ் ப்ரைவேட் ஃபோல்டருக்குள்ள, ஓனர் போஸ்ட்ஃபிக்ஸ், மோட் 0660 இல்லைன்னா 0600-னு இருக்கணும். "நோ சச் ஃபைல்"னு வந்தா டவ்காட் சாக்கெட்டை உண்டாக்கவே இல்ல, டவ்காட் லாகைப் பாருங்க. "பர்மிஷன் டினைட்"னு வந்தா உண்டாக்கிடுச்சு, ஓனர் தப்பு. இந்த ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சு ஃபோல்டர் முழுக்க 777 (யார் வேணா எதையும் மாத்தலாம்ங்கிற பர்மிஷன்) போட்ட ஒரு தம்பியைப் பார்த்தேன், போஸ்ட்ஃபிக்ஸ் செக் ஓட்டினா அது பத்தி பத்தியா திட்டுச்சு. மலை ரோட்டுல மேல் வளைவுல லாரி நின்னா கீழ பஸ்ஸு நிக்கும், பஸ் டிரைவரைத் திட்டி என்ன ஆகும், அது மாதிரி எரர் போஸ்ட்ஃபிக்ஸ்ல தெரிஞ்சாலும் காரணம் டவ்காட்ல இருக்கலாம்.

அடுத்து டவ்அட்மின் ஆத் டெஸ்ட் கமாண்டுல ஒரு யூசர், பாஸ்வேர்டு. அது பாஸானாத்தான் அவுட்லுக்கையோ போனையோ தொடணும். நேரா போன்ல போட்டுப் பார்த்தா அது "சர்வரை அடைய முடியவில்லை"ன்னு மட்டும் சொல்லும், பாஸ்வேர்டா, சர்ட்டிஃபிகேட்டா, போர்ட்டான்னு பிரிச்சுச் சொல்லாது.

8. டிஎல்எஸ்ஸும் பழைய ஸ்கேனரும்

சர்ட்டிஃபிகேட்டுக்கு லெட்ஸ் என்க்ரிப்ட் போதும். சர்ட்டிஃபிகேட்ல இருக்கிற பேரும் யூசருங்க போன்ல டைப் பண்ற சர்வர் பேரும் ஒண்ணா இருக்கணும். 90 நாள் சர்ட்டிஃபிகேட், தானா புதுப்பிக்கும், ஆனா டவ்காட்டுக்கு ரீலோட் கொடுக்கலைன்னா அது பழசையே பிடிச்சுட்டு இருக்கும், அதனால ரினிவல் ஹூக்ஸ் உள்ள டிப்ளாய் ஃபோல்டர்ல ரெண்டு வரி ஸ்கிரிப்ட் ஒண்ணு போட்டு டவ்காட், போஸ்ட்ஃபிக்ஸ் ரெண்டையும் ரீலோட் பண்ண வைங்க. முடியப் போகுதுன்னு அவங்க அனுப்பிட்டிருந்த ஞாபக மெயிலும் 2025 ஜூன்ல நின்னுடுச்சு, நாமதான் பார்த்துக்கணும்.

எல்லாம் ஓடுது, ஆனா ஆஃபீஸ் மூலையில இருக்கிற பழைய ஸ்கேனர் மட்டும் மெயில் அனுப்ப மாட்டேங்குதுன்னா காரணம் ரெண்டு இருக்கலாம். ஒண்ணு, அதுக்கு டிஎல்எஸ் 1.0 மட்டும்தான் தெரியும், புது ஓபன்எஸ்எஸ்எல் அதை சேர்க்காது. ரெண்டு, வரி முடிவை ஒழுங்கா அனுப்பாது. 2023 கடைசியில எஸ்எம்டிபி ஸ்மக்ளிங்னு ஒரு ஓட்டை வெளிய வந்தப்புறம் போஸ்ட்ஃபிக்ஸ் 3.9-ல இருந்து மெயில் முடிவு சரியான சிஆர்-எல்எஃப் வரிமுடிவோட வந்தாத்தான் ஏத்துக்கும், இல்லைன்னா முடிவே வரலைன்னு நினைச்சுக் காத்துட்டு இருந்து டைம்அவுட் ஆகும். பழைய பில்லிங் ஸ்கிரிப்டுங்க சிலதும் இதுல மாட்டும்.

இதுக்காக மொத்த சர்வரோட பாதுகாப்பையும் இறக்காதீங்க. ஸ்கேனரை ஷேர்டு ஃபோல்டருக்கு அனுப்பச் சொல்லலாம். இல்லைன்னா ஆஃபீஸ் லேன்ல ஒரு சின்ன மெஷின்ல போஸ்ட்ஃபிக்ஸ் போட்டு, ஸ்கேனர்கிட்ட இருந்து அது வாங்கி 587 வழியா பாஸ்வேர்டோட பெரிய சர்வருக்கு அனுப்பட்டும்.

9. ஜிமெயிலுக்குப் போய் இன்பாக்ஸ்ல விழணும்

இப்பத்தான் வெளிய. எஸ்பிஎஃப்ல (உங்க டொமைன் பேருல எந்த ஐபி மெயில் அனுப்பலாம்னு சொல்ற டிஎன்எஸ் வரி) புது ஐபியைச் சேருங்க, பழசை இப்ப எடுக்காதீங்க, மாறுற நாள்ல ரெண்டுல இருந்தும் மெயில் போகும். எஸ்பிஎஃப் வரி டொமைனுக்கு ஒண்ணுதான் இருக்கணும், ரெண்டு இருந்தா ரெண்டுமே செல்லாது. உள்ள இன்க்ளூட் எல்லாம் சேர்த்து டிஎன்எஸ் தேடல் 10-ஐத் தாண்டக்கூடாது.

டிகேஐஎம்முக்கு (மெயில்ல சர்வர் போடற டிஜிட்டல் கையெழுத்து) ஓபன்டிகேஐஎம் போடறவங்க புது செலக்டர் (டிஎன்எஸ்ல அந்தக் கீயோட பேரு) பேரோட புது கீ உண்டாக்குங்க, பழைய சர்வர் பழைய கீயில பாட்டுக்கு கையெழுத்து போடட்டும். 2048 பிட் கீ ஒரே டெக்ஸ்ட் துண்டுல அடங்காது, 255 எழுத்துக்கு மேல போனா ரெண்டு மூணா உடைச்சு மேற்கோள் குறிக்குள்ள போடணும், சில பேனல் தானே உடைக்கும், சிலது சொல்லாம வாலை வெட்டிடும். அதனால டிக் போட்டு வெளிய என்ன தெரியுதுன்னு பாருங்க. லாக்ல "கீ டேட்டா ஈஸ் நாட் செக்யூர்"னு வந்தா ப்ரைவேட் கீ ஃபைலோட ஓனரும் பர்மிஷனும் தப்பு, கீ தப்பில்ல.

டிமார்க்கை (இந்தப் பரிசோதனையில ஃபெயிலான மெயிலை என்ன பண்ணணும்னு சொல்ற வரி) முதல்ல பி ஈக்வல் டு நன்-னு வைங்க. 2024 பிப்ரவரியில இருந்து ஜிமெயில் எல்லார்கிட்டயும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் ரெண்டுல ஒண்ணாவது கேக்குது, பிடிஆரும் கேக்குது, ஒரு நாளைக்கு ஜிமெயிலுக்கு 5000 மெயிலுக்கு மேல அனுப்பறவங்கன்னா எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூணும் வேணும். கொலுசு கடைக்கு அவ்வளவு போகாது, ஆனாலும் மூணும் போட்டுடுங்க, ஒரு மணி நேர வேலை.

ஜிமெயில்ல மெயிலைத் திறந்து "ஒரிஜினலைக் காட்டு" போனீங்கன்னா மூணுக்கும் பாஸா ஃபெயிலான்னு மேலயே இருக்கும். பாஸ் ஆகியும் ஸ்பேம்ல விழுதுன்னா ஐபி புதுசு, யாருக்கும் உங்களைத் தெரியாது. முதல் வாரம் மொத்தமா விலைப்பட்டியல் அனுப்பாதீங்கன்னு ஓனர்கிட்ட சொல்லி வைங்க.

உள்ள வர்ற மெயில் எல்லாமே திடீர்னு பிளாக்லிஸ்ட்னு சொல்லி மறுக்கப்படுதுன்னா புது மெஷினோட டிஎன்எஸ்ஸைப் பாருங்க. புது விபிஎஸ்ல 8.8.8.8 மாதிரி பொது ரிசால்வர் (டிஎன்எஸ் கேள்விக்கு பதில் தேடித் தர்ற சர்வர்) போட்டு வந்திருக்கும், அது வழியா பிளாக்லிஸ்ட் வெச்சிருக்கிற ஸ்பேம்ஹவுஸைக் கேட்டா பதில் சொல்லாம 127.255.255.254-ன்னு ஒரு எரர் நம்பர் அனுப்புவாங்க, போஸ்ட்ஃபிக்ஸ் அதை "லிஸ்ட்ல இருக்கான்"னு எடுத்துக்கிட்டு நல்லவன் கெட்டவன் எல்லாரையும் விரட்டும். சர்வர்லயே அன்பவுண்ட் போட்டு அதையே ரிசால்வரா வைங்க, ஆர்பிஎல் (பிளாக்லிஸ்ட்) வரியிலயும் 127.0.0.2-ல இருந்து 11 வரைக்கும் வந்தா மட்டும் மறுக்கணும்னு எழுதுங்க.

10. மெயில்பாக்ஸை நகர்த்துறது

பழைய சர்வர் ஓடிட்டிருக்கும்போதே ஒரு தடவை ஆர்சிங்க் (மாறினதை மட்டும் காப்பி எடுக்கிற கமாண்டு), அப்புறம் மாத்துற அன்னைக்கு பழசை நிறுத்திட்டு இன்னொரு தடவை. முதல் தடவை எவ்வளவு நேரம் எடுத்தாலும் பரவாயில்ல, ரெண்டாவது சீக்கிரம் முடிஞ்சிடும். யூசர் நம்பர் ரெண்டு மெஷின்லயும் ஒண்ணா இருக்கணும், மெயில் ஃபைலுக்கெல்லாம் ஓனரா இருக்கிற விமெயில்ங்கிற யூசர் அங்க 5000-னா இங்கயும் 5000.

டவ்காட் யூஐடிலிஸ்ட்னு ஒவ்வொரு ஃபோல்டர்லயும் ஒரு ஃபைல் இருக்கும், அதை விட்டுடாதீங்க. இண்டெக்ஸ் ஃபைல் போனா திரும்ப உண்டாகிடும், இது போனா எல்லா மெயிலுக்கும் புது நம்பர் விழும், பாப் முறையில மெயிலை இறக்கிட்டு சர்வர்லயும் விட்டு வெச்சிருக்கிற அவுட்லுக் எல்லாம் வருஷக்கணக்கான மெயிலை மறுபடி இறக்கும். கணக்கு பார்க்கிற அம்மா காலையில வந்து ஆயிரக்கணக்குல படிக்காத மெயிலைப் பார்த்தா அன்னைக்கு உங்களுக்கு டீ கிடைக்காது.

11. எம்எக்ஸ் மாத்துற நாள்

நாள் பார்த்துத்தான் செய்யணும். ஏற்காடு ரிசார்ட்டுன்னா மே மாசம் கோடை விழா சீசன்ல தொடவே கூடாது, புக்கிங் மெயில் ஒண்ணு தவறினாலும் அவங்களுக்கு நஷ்டம். பட்டறைக்காரங்களுக்கு கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை லீவு தோதுப்படும்.

சாயங்காலம் பழைய சர்வர்ல வெளியில இருந்து வர்ற 25-ஐ மூடுங்க, கடைசி ஆர்சிங்க் ஓட்டுங்க, எம்எக்ஸ் மாத்துங்க, புது சர்வர் லாகைத் திறந்து வெச்சு உட்காருங்க. நடுவுல வர்ற மெயில் தொலைஞ்சிடுமோன்னு பதற வேணாம், அனுப்புற சர்வருங்க க்யூவுல வெச்சு திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும், போஸ்ட்ஃபிக்ஸ்ல அந்த கெடு 5 நாள். பதட்டத்துல எம்எக்ஸை முன்னும் பின்னுமா மாத்தி மாத்தி வெக்கிறதுதான் ஆபத்து, பாதி மெயில் இங்க பாதி மெயில் அங்கன்னு ஆயிடும்.

பழைய சர்வரை உடனே அழிக்காதீங்க. 587-ஐ மட்டும் திறந்து வெச்சுட்டு ஒரு மாசம் லாகைப் பாருங்க, பழைய ஐபியை நேரா எழுதி வெச்சிருக்கிற மெஷின் ஏதாவது வந்து தட்டிட்டே இருக்கும், பில்லிங் சாஃப்ட்வேர், சிசிடிவி பெட்டி, யாரோ ஒருத்தரோட பழைய போன்னு. எந்த ஐபியில இருந்து, எந்த யூசர் பேருல வருதுன்னு குறிச்சு ஒவ்வொண்ணா மாத்துங்க. ஒரு வாரம் முழுக்க யாரும் தட்டலைன்னா எஸ்பிஎஃப்ல இருந்து பழைய ஐபியையும், டிஎன்எஸ்ல இருந்து பழைய டிகேஐஎம் செலக்டரையும் எடுத்துட்டு, எம்எக்ஸ் டிடிஎல்லை 3600-க்கு ஏத்திட்டு, அப்புறம் அந்த விபிஎஸ்ஸை கேன்சல் பண்ணுங்க.